நவம்பரில் கொடுக்காத கடிதம்

நுமாஸு
14 டிசம்பர் 1991

மதிப்பிற்குரிய மினகாவா ஐயா அவர்களுக்கு,

மலையில் பனி பாதி வரை இறங்கிவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தொடங்குவதுதான் முறை. அப்படித் தொடங்கி எழுதிய தாள்களையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டேன். பனியைப் பற்றிப் பேச நான் எழுதவில்லை என்பது முதல் வரியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த ஆண்டு உங்கள் பந்தயக் காரை ஓட்ட என்னால் இயலாது. இங்கிலாந்து அணி ஒன்று உலகப் போட்டிகளில் ஓட்ட என்னை அழைத்திருக்கிறது. நீங்கள் என்னை விடுவித்ததாக ஜனவரி கடைசிக்குள் அவர்களுக்குக் கடிதம் போக வேண்டும். எனக்கு முப்பத்தொரு வயது. இதற்குப் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

விலகுவதானால் நவம்பர் முடிவதற்குள் எழுத்தில் தர வேண்டும், தராவிட்டால் ஒப்பந்தம் தானாகவே இரண்டு ஆண்டு நீளும் என்று நம் தாளில் இருக்கிறது. நான் தரவில்லை. ஏன் தரவில்லை என்று கேட்காமல் என்னை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஃபுசாயே அம்மாவின் அஸ்தி இன்னும் உங்கள் வீட்டில் இருக்கும்போது இதை எழுதுவது எவ்வளவு பெரிய தவறு என்று எனக்குத் தெரியும். நாற்பத்தொன்பதாம் நாள் அஸ்தி கல்லறைக்குப் போகும்வரை காத்திருக்கத்தான் நினைத்தேன். இங்கிலாந்துக்காரர்களுக்கு நம் கணக்கு புரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இனாமி யசுவோ


கோதெம்பா
20 டிசம்பர்

யசுவோ,

உன் கடிதத்தை ஃபுசாயேவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துதான் படித்தேன். அவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகப் படித்தேன். பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

பத்தொன்பது வயதில் ஒரு பையையும் ஓட்டை ஷூவையும் தூக்கிக்கொண்டு என் பட்டறை வாசலில் வந்து நின்றவன் நீ. மாடி அறையைக் கொடுத்தவள் அவள். உனக்கு மீன் முள் எடுக்கத் தெரியாது என்று எடுத்துப் போட்டவள் அவள். இறந்த மறுநாள் அவள் உடலுக்குப் பக்கத்தில் ஊரே கறுப்பில் உட்கார்ந்திருந்தபோது, நீ வெளிர் பழுப்புக் கோட்டும் நீல டையுமாக, கையில் ஒரு இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றாய். கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி இருந்தாய். என் தம்பி காதில் கேட்டான்: "யாருண்ணே இது, வீடு மாறி வந்துட்டானா?" எனக்கு வெட்கமாகிப் போயிற்று. ஆனாலும் மறுநாள் சவப்பெட்டியைத் தூக்க உன்னைத்தான் கூப்பிட்டேன்.

கோடையிலிருந்தே நீ இங்கிலாந்துக்காரர்களோடு பேசுகிறாய் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. நான் என்ன, டயர் அடுக்குகிறவனா?

நவம்பர் முடிந்துவிட்டது. ஒப்பந்தம் நீண்டுவிட்டது. நீ இன்னும் இரண்டு ஆண்டு என் டிரைவர். காரணம் கேட்காதே என்கிறாய். கேட்கவில்லை. விடவும் மாட்டேன்.

மினகாவா தோக்குஜி


நுமாஸு
5 ஜனவரி 1992

ஐயா அவர்களுக்கு,

துக்க வீடு என்பதால் புத்தாண்டு வாழ்த்து எழுதவில்லை.

இதை எழுதவே கூடாது என்றிருந்தேன். ஆனால் உங்களுக்குத் தெரியாமல் நான் திருட்டுத்தனமாக எதுவும் செய்யவில்லை என்று சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியும். செப்டம்பரிலிருந்தே தெரியும். மருத்துவமனையில் நான்தான் சொன்னேன். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று கேட்கத்தான் போனேன்.

அம்மா சிரித்தார். குழாயெல்லாம் மாட்டியிருந்தபோதும் சிரித்தார். "போடா. போயிட்டு வா. அந்தக் கிழவன்கிட்ட நான் சொல்லிக்கறேன். டீ கோப்பையத் தூக்கி எறிவாரு. எறியட்டும், மலிவான கோப்பையாத்தான் வெளிய வெச்சிருக்கேன். ரெண்டு நாள் சோறு வேணாம்னுவாரு. மூணாம் நாள் உன்னோட பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தாச்சான்னு அவரே கேப்பாரு" என்றார்.

"நீ எதுவும் அவர்ட்ட பேசாத. நீ பேசினா சண்டை, நான் பேசினா சத்தம் மட்டும்தான்" என்றும் சொன்னார். அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நல்லபடியாக வீட்டுக்கு வந்ததும் சொல்கிறேன் என்றார். வரவில்லை.

தயவுசெய்து என்னை விட்டுவிடுங்கள். நான் உங்களை விட்டுப் போகவில்லை. போய்விட்டு வரத்தான் கேட்கிறேன்.

யசுவோ


கோதெம்பா
12 ஜனவரி

யசுவோ,

நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த பெண், கடைசி மூன்று மாதம் என்னிடமிருந்து ஒன்றை மறைத்து வைத்திருந்தாள் என்று உன் கடிதம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சந்தோஷம்.

தினமும் அந்த மருத்துவமனைக்குப் போனேன். நீ வந்திருந்தால் வெளியே போய்விடுவேன். பையனோடு பேசட்டும், அவனைப் பார்த்தால்தான் அவள் முகம் தெளிகிறது என்று எதிரில் இருக்கிற கடையில் போய்ப் பழம் வாங்குவதுபோல் நின்றுகொண்டிருப்பேன். உள்ளே நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை எப்படிச் சமாளிப்பது என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள்! கோப்பை எறிகிற கிழவன். மூன்றாம் நாள் வழிக்கு வந்துவிடுகிற கிழவன்.

அவளிடம் கோபித்துக்கொள்ள முடியாது. அவள் படத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னேன், அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. ஆக மிச்சம் இருப்பது நீ.

விஷயத்தைக் கார்ப் பந்தயச் சம்மேளனத்துக்கு அனுப்பியிருக்கிறேன். இருபத்தேழாம் தேதி டோக்கியோவில் நடுவர்கள் மூன்று பேர் உட்காருகிறார்கள். நீயும் வக்கீல் வைத்துக்கொள். அவர்கள் உன்னிடம் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: நவம்பரில் ஏன் தரவில்லை? எனக்குச் சொல்லாததை அவர்களுக்குச் சொல்.

மினகாவா


கோதெம்பா
29 ஜனவரி

யசுவோ,

"மறந்துட்டேன்."

அவ்வளவுதான் உன் பதில். மூன்று நடுவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உன் வக்கீல் உன் கோட்டைப் பிடித்து இழுத்தான், நானும் பார்த்தேன். பெரிய நடுவர் உன்மேல் இரக்கப்பட்டு மறுபடி கேட்டார்: "தம்பி, நல்லா யோசிச்சு சொல்லுங்க. உங்க வாழ்க்கையே இதுலதான இருக்கு? உடம்பு சரியில்லையா, ஊர்ல இல்லையா, ஏதாவது இருக்கும்ல?" அதற்கும் நீ மேஜையைப் பார்த்துக்கொண்டு, "இல்லைங்க, மறந்துட்டேன்" என்றாய்.

ஒவ்வொரு வளைவிலும் எந்த கியரில் இருந்தோம் என்று பந்தயம் முடிந்து ஒரு மாதம் கழித்தும் சொல்கிறவன் நீ. மறந்துவிட்டாயாம். என்னைக் கேலி செய்யத்தான் அப்படிச் சொன்னாய் என்று ரயிலில் வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

தீர்ப்பு என் பக்கம். பிப்ரவரி பத்தாம் தேதி முதல் சோதனை ஓட்டம். வந்து சேர்.

மினகாவா


நுமாஸு
4 பிப்ரவரி

மதிப்பிற்குரிய மினகாவா ஐயா அவர்களுக்கு,

தீர்ப்பை ஏற்கிறேன். பத்தாம் தேதி காலையில் வருவேன்.

இங்கிலாந்திலிருந்து நேற்று தகவல் வந்தது. இத்தாலியப் பையன் ஒருவனை எடுத்துவிட்டார்கள். நல்ல பையன், வேகமானவன். வருத்தம் தெரிவித்து மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். அந்தத் தாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். இதை உங்களிடம் சொல்லக் காரணம் எதுவும் இல்லை. சொல்ல வேறு யாரும் இல்லை.

நான் உங்களைக் கேலி செய்யவில்லை.

சோதனை நாட்களில் முன்போல் மாடி அறையில் தங்க மாட்டேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொள்கிறேன். அங்கே இருக்கும் என் பொருட்களை மெக்கானிக் ஹட்டோரி கட்டி வைத்தால் எடுத்துக்கொள்வேன்.

இனாமி யசுவோ


கோதெம்பா
23 பிப்ரவரி

யசுவோ,

சோதனை ஓட்டத்தில் நல்ல நேரம் எடுத்தாய். ரேடியோவில் "முன்டயர் வழுக்குது", "உள்ள வரேன்" என்பதைத் தவிர நீ எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மெக்கானிக் ஹட்டோரி இரண்டாம் நாள் பொறுமை இழந்து, "ரெண்டு பேரும் வாயத் தைச்சுக்கிட்டீங்களா? காரே உங்களவிட அதிகமாப் பேசுது" என்று கத்தினான். நீ ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றாய். அதனால் நீ சிரித்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் எழுதுவது வேறு விஷயம்.

போன மாதம் அஸ்தியைக் கல்லறையில் வைத்தோம். அதன்பிறகு படையலில் இருந்த பண்டங்களை என் தங்கை எடுத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். கெட்டுப்போகாது என்று ஒரு பெட்டியை மட்டும் சமையலறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நேற்று டீக்கு எதுவும் இல்லை என்று அதைப் பிரித்தேன். யோகான். செங்கல் மாதிரி கனக்கிற சிவப்புப் பயறு இனிப்பு. நுமாஸு கடை.

துக்க வீட்டுக்கு யாராவது யோகான் கொண்டுவருவார்களா, யசுவோ?

அது எதற்கு என்று எனக்கா தெரியாது? காரை நொறுக்கிய டிரைவர் மறுநாள் காலையில் மெக்கானிக்குகளுக்குக் கொண்டுவருவது அது. தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். உன் முதல் வருஷம் முழுக்க எங்கள் பட்டறையே உன் யோகானில்தான் ஓடியது. "காரை ஒடைக்காம ஓட்டுடா, எங்களுக்கெல்லாம் சக்கரை வியாதி வந்துடும்" என்று ஃபுசாயே உன்னைத் திட்டினாள். என் கார் தீப்பிடித்தபோது விளம்பரம் கொடுத்தவர் வீட்டு வாசலில் அதே கடைப் பெட்டியோடு நானும் நின்றிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவன்தான் அதை வாங்குவான். புதுக் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு.

அவள் இறந்தது உனக்கு அன்று தெரியாது. அப்படித்தானே? என்னிடம் மன்னிப்புக் கேட்டு, அந்த விலகல் கடிதத்தைக் கையில் கொடுக்க வந்தாய். நவம்பர் முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது.

இதைச் சொல்லியிருந்தால் அந்த மூன்று பேரும் ஐந்து நிமிஷத்தில் உன்னை விட்டிருப்பார்கள். என் வக்கீலே எழுந்து நின்று விட்டுக்கொடுத்திருப்பான். ஏன் மறந்துவிட்டேன் என்றாய்? எனக்கு உடனே எழுது. நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மினகாவா


நுமாஸு
1 மார்ச்

ஐயா அவர்களுக்கு,

ஆமாம்.

அன்று மேற்கே ஒரு மைதானத்தில் டயர் சோதனை முடித்துவிட்டு நேராக ரயிலில் வந்தேன். யாரும் எனக்குத் தகவல் சொல்ல முடியவில்லை. அம்மா இந்நேரம் வீட்டுக்கு வந்து உங்களிடம் பேசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். நீங்கள் கோப்பையை எறிந்து முடித்திருப்பீர்கள், இரண்டாம் நாளா மூன்றாம் நாளா என்று வழியெல்லாம் யோசித்தேன். பெட்டியை எப்படி நீட்டுவது, முதலில் என்ன சொல்வது என்று தெருமுனையில் நின்று பழகிப் பார்த்தேன். பிறகுதான் வாசலில் இருந்த துக்க விளக்கைப் பார்த்தேன்.

திரும்பிப் போயிருக்கலாம். அதற்குள் உங்கள் தம்பி பார்த்துவிட்டு, "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பெட்டியை வாங்கிப் படையலில் வைத்துவிட்டார். கடிதம் உள்பையில் இருந்தது. அம்மா முகத்தின் மேல் இருந்த வெள்ளைத் துணியை நீங்கள் எனக்காக விலக்கினீர்கள். "பாரு, யசுவோ வந்திருக்கான்" என்று அவரிடம் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நான் எப்படி அந்தக் கடிதத்தை வெளியே எடுப்பேன்?

தபாலில் போட்டிருக்கலாமே என்று வக்கீல் கேட்டார். மறுநாள் அம்மாவின் பெட்டியைத் தூக்கிய கையால் அதைத் தபாலில் போட வேண்டுமாம்.

டோக்கியோவில் சொல்லும்படி அவர் என் காலில் விழாத குறையாகக் கேட்டார். "செத்தவங்களுக்கு இதனால ஒண்ணும் குறைஞ்சிடாது, உங்களுக்கு ஒரு வாழ்க்கை இருக்கு" என்றார். நானும் சொல்லத்தான் போனேன். ஆனால் அங்கே ஒரு பெண் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். 'மினகாவா ஃபுசாயே இறந்த மறுநாள், விலகல் கடிதத்துடன், அவர் உடல் இருந்த அறையில்' என்று அவர் அடிப்பார். நீங்கள் எதிரில் உட்கார்ந்து அதைக் கேட்பீர்கள். அவள் முன்னால் உட்கார்ந்து இவன் அழுத நேரமெல்லாம் பையில் அது இருந்திருக்கிறது என்று நினைப்பீர்கள். நான் அழுதது பொய்யாகிவிடும் என்று பயந்தேன். அதைவிட மறதிக்காரனாக இருப்பது எளிதாக இருந்தது.

அன்று எனக்கு இங்கிலாந்து வேண்டாம் என்று தோன்றவில்லை, ஐயா. மிகவும் வேண்டியிருந்தது. இப்போதும் காலையில் எழுந்ததும் முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது. நான் பெரிய தியாகம் செய்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

யசுவோ


கோதெம்பா
8 மார்ச்

யசுவோ,

மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போன் செய்தேன். தவறு என்னுடையது, பையன்மேல் குற்றம் இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டுமானால் நானே நேரில் வந்து தலை வணங்குகிறேன் என்றேன். "அவர் ரொம்ப வருத்தப்படறாராம், ஆனா அந்த இடம் போயிடுச்சாம்" என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். இன்னொரு முறை கேட்கச் சொன்னேன். அதையேதான் சொன்னார்.

நான் செய்ததைத் திருப்பி எடுக்க முடியாது. என்னால் முடிந்தது ஒன்றுதான். இதோடு இருப்பது நம் ஒப்பந்தம். பட்டறையிலேயே இருந்த உன் பிரதி, என் பிரதி இரண்டும். குறுக்கே கிழித்திருக்கிறேன். இனி நீ யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை.

வேறு அணிக்குப் போவதானால் போ, யார் கேட்டாலும் உன்னைப் பற்றி நல்லதைத்தான் சொல்வேன். ஆனால் எனக்கு ஆசை வேறு. தாள் இல்லாமல் வா. நீ வந்த முதல் வருஷம் நம்மிடம் என்ன தாள் இருந்தது? மாடி அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். ஹட்டோரி கட்டிய உன் மூட்டையை மறுபடி மேலே கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். எனக்குச் சமைக்கத் தெரியாது, நீயும் அப்படித்தான், ஏதாவது தின்று பிழைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிள்ளை இல்லை என்று ஊர் சொல்லும். நான் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. அவளும் நினைத்ததில்லை.

வந்துவிடு.

தோக்குஜி


நுமாஸு
17 மார்ச்

ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். சனிக்கிழமை கோதெம்பா வரைக்கும் வந்தேன். பட்டறைத் தெருவுக்குள் வராமல் ஸ்டேஷனிலிருந்தே திரும்பிவிட்டேன்.

கிழிந்த தாள்களை ஒட்டி இதோடு அனுப்புகிறேன். ஒட்டு கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து மறுபடி முத்திரை வைத்துத் தாருங்கள்.

உங்கள்மேல் கோபம் இருந்து இதைச் செய்யவில்லை. இருந்தது, இப்போது பெரும்பாலும் இல்லை. ஆனால் நான் மாடி அறையில் வந்து உட்கார்ந்தால், சாப்பாட்டு நேரத்தில் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் கண்ணில் இங்கிலாந்துதான் தெரியும். என் கண்ணில் நீங்கள் டோக்கியோவில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தது தெரியும். ஒருவருக்கொருவர் நல்லவர்களாக இருக்க நாள் முழுக்கப் பாடுபடுவோம். இடையில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்க அம்மா இல்லை.

தாள் இருந்தால் எனக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. காலையில் வருவேன், காரை ஓட்டுவேன், மாலையில் போய்விடுவேன். தாள் இல்லாமல் வருவதென்றால் மகனாகத்தான் வர வேண்டும். அதற்கு என்னிடம் இப்போது எதுவும் மிச்சம் இல்லை, ஐயா. இரண்டு ஆண்டுகளும் உங்களுக்காக முழு வேகத்தில் ஓட்டுவேன். அதில் சந்தேகம் வேண்டாம்.

என் மூட்டையை ஹட்டோரியிடம் கொடுத்தனுப்புங்கள்.

இனாமி யசுவோ


கோதெம்பா
24 மார்ச்

மதிப்பிற்குரிய இனாமி யசுவோ அவர்களுக்கு,

மலைச்சரிவில் பனி உருகத் தொடங்கிவிட்டது. தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தாங்கள் கேட்டபடி ஒப்பந்தத்தில் முத்திரை வைத்து ஒரு பிரதியை இணைத்திருக்கிறேன். ஒட்டிய இடத்தின் மேலும் வைத்திருக்கிறேன். முதல் பந்தயத்துக்கான பயிற்சி வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. காலை எட்டு மணிக்கு வந்தால் போதும். தங்கள் பொருட்கள் ஹட்டோரியிடம் இருக்கின்றன.

வீட்டு விஷயம் ஒன்று. ஒப்பந்தத்தில் சேராதது என்பதால் தாங்கள் பதில் எழுத வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மதியத்துக்குப் பிறகு நான் வீட்டில் இருப்பதில்லை. இருட்டும்வரை வர மாட்டேன். பின்கதவைப் பூட்டுவதில்லை. ஃபுசாயேவின் படத்துக்குப் பக்கத்திலேயே ஊதுபத்தியும் தீப்பெட்டியும் இருக்கும்.

மினகாவா தோக்குஜி